ஆறுதலாப் போகச் சொல்லு

மஹ்ரூப் கதிரையைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்து நின்றார். வேறொருவர் குரலில் பேசப்போகிறார் என்றால் நின்றுகொண்டுதான் பேசுவார். உட்கார்ந்தபடி பேசினால் தன் குரல்தான் வருகிறதாம். லாபிர் மின்விசிறியைக் குறைத்தார். மற்றவர்கள் பேனாவைத் திறந்துகொண்டார்கள். மஹ்ரூப் தோள்களைக் கொஞ்சம் கூனி, போன் பேசுகிறவர்போல் கையைக் காதில் வைத்துக்கொண்டு, யாழ்ப்பாணத்து மனிதர் ஒருவரின் அடங்கிய குரலில் சொன்னார்:

"அவ போறதெண்டாப் போகட்டும். நான் மறிக்க மாட்டன். ஆனா ஆறுதலாப் போகச் சொல்லு, என்ன?"

யசோதா அதைக் கொப்பியில் எழுதிக்கொண்டே வந்தவள். கடைசி 'என்ன' காதில் விழுந்ததும் பேனா 'மறிக்க' என்ற சொல்லோடு நின்றுவிட்டது. அந்த 'என்ன'வை அவளுக்குத் தெரியும். கேள்வி மாதிரி ஆரம்பித்து, பதிலுக்குக் காத்திராமல் தணிந்து போகிற 'என்ன'. கல்யாணமான நாளிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறாள். "கதவைப் பூட்டும், என்ன?" "குடையைக் கொண்டுபோம், என்ன?" மகள் பிறந்த ஆஸ்பத்திரி வராந்தாவில்கூட, "பயப்படாதையும், என்ன?"

கண்டியில் யாழ்ப்பாணத்து மனிதர் தன் புருஷன் ஒருவர்தானா என்று உடனே தன்னோடு சண்டை பிடித்தாள். அரசாங்கக் கச்சேரியில் வேலையில் இருக்கிறார்கள், வங்கிகளில் இருக்கிறார்கள், பேராதனையில் பாடம் நடத்துகிறார்கள். வசனத்துக்கு ஒரு 'என்ன' போடாதவர் அவர்களில் யார்? நியாயம் எல்லாம் சரிதான். மனசு கேட்டால்தானே.

கொழும்புத் தெருவில் லாபிரின் புடவைக் கடைக்கு மேலே இருந்த அறை அது. ஒரு பக்கம் முழுக்கச் சீத்தைத் துணிக் கட்டுகள். மற்றப் பக்கம் ஐந்து கதிரைகள். ஞாயிற்றுக்கிழமைக் காலையில் எழுதுகிறவர்கள் ஐந்து பேர் அங்கே கூடுவார்கள். கடைக்காரர் லாபிர், மருந்துக்கடை வைத்திருக்கும் மஹ்ரூப், திகனயில் பள்ளிக்கூட ஆசிரியையாக இருக்கும் ரபீகா, தெல்தோட்டையிலிருந்து வரும் ஓய்வுபெற்ற பாடசாலை அதிபர் அழகமுத்து, அப்புறம் யசோதா. ஒரு சமயம் ஐவருக்கும் எழுத்து வராமல், ஆளையாள் பார்த்துக் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தபோது ரபீகாதான் இந்த விளையாட்டைக் கொண்டுவந்தாள். "நாங்களா யோசிச்சு யோசிச்சு வத்திப்போச்சு. ஊருல ஆக்கள் பேசுறதக் கேட்டுட்டு வருவோமே" என்றாள்.

அப்படியே ஆயிற்று. வாரத்துக்கு ஒருவர் தன் காதில் விழுந்த ஒரு வசனத்தைக் கொண்டுவர வேண்டும். கேட்டபடியே சொல்ல வேண்டும், ஒரு எழுத்தையும் திருத்தக்கூடாது. யார் சொன்னது, எங்கே சொன்னது என்று ஒருவரும் கேட்கக்கூடாது. அதை வைத்து எல்லோரும் எழுத வேண்டும். லாபிரின் மனைவி ஹிதாயா பிளேன்டீயோடு படியேறி வரும்வரைதான் அவகாசம். அவள் எப்போது வருவாள் என்று அவளுக்கே தெரியாது. பிறகு ஆளுக்காள் வாசிக்க வேண்டும்.

பிறகு பலகைகளும் விளையாட்டில் சேர்ந்தன. ஏதோ ஒரு ஓடைக்கரையில் யாரோ எழுதி நட்டிருந்த பலகையை ரபீகா ஒருநாள் கொண்டுவந்தாள்: 'இங்கு களிப்பது தடை.' குளிப்பதுதான் உகரத்தை இழந்து களிப்பதாகிவிட்டது. அறை முழுக்கச் சிரித்தது. யசோதாவுக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் ஒரு அரசாங்க அலுவலகத்தில் சிங்களத்திலிருந்து தமிழுக்கு மொழிபெயர்க்கிறவள். எழுத்துப்பிழையைக் கண்டால் சிவப்புப் பேனா தேடுகிற கை. ரபீகாவோ அந்தப் பலகையை நிறுத்தி வைத்து, சந்தோஷத்துக்குத் தண்டனை விதிக்கிற ஊரொன்றைப் பற்றி அருமையான கவிதை ஒன்று எழுதிவிட்டாள். அன்று வீடு திரும்பும்வரை யசோதாவுக்கு வயிற்றெரிச்சல். ஒரு காலத்தில் இந்த ஐவரில் அதிகம் எழுதியவள் அவள்தான். புத்தகம் போட்டவளும் அவள் ஒருத்திதான். இப்போது இரண்டு வருஷமாக முதல் வரியைத் தாண்டவில்லை. மற்றவர்கள் வாசிக்கும்போது கொப்பியை மூடி மடியில் வைத்துக்கொண்டு, "எனக்கு இன்னைக்கு ஓடல" என்பாள். அவர்களும் மரியாதைக்காகக் கேட்பதை விட்டுவிட்டார்கள்.

அவளுக்கு எதிலுமே கால் தரிக்கவில்லை. அலுவலகத்தில் அடுத்தவர் சொன்னதையே நாள் முழுக்கத் திருப்பிச் சொல்லவேண்டி இருந்தது. வீட்டில் சொல்வதற்கு ஆளே இல்லை. மகள் நிருஜா மட்டக்களப்புக் கம்பஸுக்குப் போனதோடு பேச்சும் அவளோடு பஸ் ஏறிப் போய்விட்டது. புருஷன் சண்முகநாதன் கெட்ட மனிதர் இல்லை. குடிக்க மாட்டார், குரல் உயர்த்த மாட்டார். அலுவலகம் விட்டு வருவார், காற்சட்டையை மாற்றிச் சாரம் உடுத்துவார், அவள் மேசையில் இருப்பதைப் பார்த்துவிட்டு ஓசைப்படாமல் பின்பக்கம் போய்விடுவார். சண்டையாவது இருந்தால் பேச்சு இருக்குமே என்று அவள் எத்தனையோ தடவை நினைத்திருக்கிறாள்.

இந்த நிலையில்தான் கொழும்பிலிருந்து வேலை வந்தது. மொழிபெயர்ப்பு நிறுவனம் ஒன்று, மூன்று வருஷ ஒப்பந்தம். தங்க அறை தருகிறார்கள். திங்கட்கிழமை, அதாவது நாளைக்கு, பதில் சொல்ல வேண்டும். சனி ஞாயிறு வந்து போகிறேன் என்று யாரும் சொல்லலாம். யசோதாவுக்குத் தன்னைப் பற்றித் தெரியும். போனால் வருவதற்காகப் போகிறவள் இல்லை. இதை அவள் நிருஜாவுக்கு மட்டும் சொன்னாள். "ஒரு தடவ தனியா இருந்து பாக்கணும்போல இருக்குடி. திரும்பி வருவேனா மாட்டேனான்னு இப்ப சொல்லத் தெரியல" என்றாள்.  மகள் "யோசிச்சு முடிவெடுங்கம்மா" என்றாள். அது செவ்வாய்க்கிழமை.

"ஆறுதலாப் போகச் சொல்லு," என்று அழகமுத்து சொல்லை வாயில் போட்டுச் சுவைத்துப் பார்த்தார். "என்னா சொல்லு பாருங்க. சண்ட சச்சரவில்லாம, மனசு ஆறிப் போயிட்டு வான்னு சொல்றான். பெரிய மனுசன்யா."

"அப்பிடி இல்ல சேர்," என்றாள் ரபீகா. "அந்தப் பக்கத்து ஆக்கள் ஆறுதலா எண்டா மெதுவா எண்டுதான் சொல்ற. அவசரமில்ல, ஓட வேணாம் எண்டு."

"அப்ப அவ போறது அவனுக்குக் கவலயே இல்லயா?" என்றார் லாபிர். "பஸ்ஸுக்கு நேரம் ஈக்கு, தேத்தண்ணி குடிச்சிட்டுப் போ எண்டுற மாதிரியெல்லோ ஈக்குது?" பிறகு யசோதாவின் பக்கம் திரும்பினார். "உங்கட ஹஸ்பன் யாழ்ப்பாணம்தானே? நீங்க சொல்லுங்க. மொழிபெயர்ப்பும் உங்கட தொழில்."

நாலு பேரும் அவளைப் பார்த்தார்கள்.

"ரெண்டும் சரிதான்," என்றாள் யசோதா. 

அந்தச் சொல்லை நம்பிக் கழுத்தை நீட்டியவள் அவள். அப்பா செத்த வாரம், வேலைக்கு எப்போது வரவேண்டும் என்று கேட்க அலுவலகத்துக்குப் போன் எடுத்தாள். வடக்கிலிருந்து புதிதாக மாற்றலாகி வந்திருந்த ஒருவர் எடுத்தார். "ஒரு பிரச்சினையும் இல்லை. நீங்கள் ஆறுதலா வாங்கோ" என்றார். கண்டி நகரத்தில், இந்தியாவிலிருந்து வந்த கடைக்காரக் குடும்பத்தில் பிறந்து வளர்ந்தவள் அவள். அவளுடைய தமிழில் ஆறுதல் என்றால் துக்கத்தைத் தணிப்பது மட்டும்தான். செத்த வீட்டில் வந்தவர்கள் எல்லாம் விதியென்றும் வயசென்றும் சொன்னார்கள். மனசு ஆறிய பிறகு வா என்று முன்பின் தெரியாத இந்த மனிதர்தானே சொன்னார் என்று, போனை வைத்துவிட்டு அவள் அழுதாள். ஒரு மாதம் கழித்து, கணக்குப் பகுதியிலிருந்த யாழ்ப்பாணத்து அம்மா ஒருத்தி, "அந்த ஃபைலை ஆறுதலாக் கொண்டு வாரும்" என்று சொன்னபோதுதான் விஷயம் விளங்கியது. ஃபைலுக்கு என்ன துக்கம் இருக்க முடியும்? ஆனால் அதற்குள் காரியம் கைமீறிவிட்டது. கல்யாணத்துக்குப் பிறகு அவரிடம் இதைச் சொன்னாள். அவர் கண்ணில் நீர் வரச் சிரித்தார். "அப்ப நீர் பிழையான ஆளைக் கட்டிப்போட்டீர்" என்றார். அந்த நாட்களில் அவர் அப்படியெல்லாம் பேசுவார்.

இப்போது அதே சொல் ஊரெல்லாம் சுற்றி, இன்னொருவன் வாய்வழியாக வந்து சேர்ந்திருக்கிறது. மனசு ஆறிப் போ என்கிறாரா, அவசரமில்லை மெதுவாகப் போ என்கிறாரா? மறிக்க மாட்டேன் என்பது பெருந்தன்மையா, விட்டது தொல்லை என்பதா? அவர் சொன்னதுதானா என்பதே நிச்சயமில்லை. அப்படி இருக்க, அந்த மனிதர்மேல் அவளுக்குப் பொல்லாத கோபம் வந்தது.

"சரி, எழுதுவோம்," என்றார் மஹ்ரூப்.

எழுதினாள். எழுத வேண்டும் என்று எழுதவில்லை, கையைச் சும்மா வைத்திருக்க முடியாமல் எழுதினாள். 'அவர் பேசுவதில்லை' என்று தொடங்கினாள். புதன்கிழமை அவர் நனைந்து வந்ததை எழுதினாள். வியாழக்கிழமை சாயந்தரம் அலுமாரிக்கு மேலே கிடந்த பெரிய பயணப்பையை அவர் இறக்கி, முற்றத்தில் வைத்துத் தூசு தட்டி, கழன்றுபோன சக்கரத்துக்கு ஆணி போட்டதை எழுதினாள். "இது எதுக்குங்க?" என்று தான் கேட்டதையும், "சும்மா கிடந்தாப் பழுதாப் போகும்" என்று அவர் சொன்னதையும் எழுதினாள். அந்த வரியை எழுதி முடித்த பிறகுதான் அது அவளுக்கே எட்டியது. அவருக்கு எங்கேயும் பயணம் இல்லை. அந்தப் பை அவளுக்கு. பேனாவை நிறுத்திவிட்டு, தான் எழுதியதைத் தானே முதன்முதலாக வாசிக்கிறவள்போல் வாசித்தாள். பிறகு பக்கத்தைத் திருப்பி மேலும் எழுதினாள்.

ஹிதாயா படியேறி வந்தாள். பிளேன்டீ ஆளுக்காள் போயிற்று. வாசிப்புத் தொடங்கியது.

லாபிரின் கதையில் போகிறவள் ஒரு ஆடு. விற்ற ஆட்டை லொறியில் ஏற்றும்போது, செல்லமாக வளர்த்தவர் தூரத்திலிருந்து போனில் சொல்லும் வசனம் அது. எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அழகமுத்துவின் கதையில், பிரஜாவுரிமை இல்லாமல் இந்தியாவுக்கு அனுப்பப்பட்ட குடும்பத்தோடு தலைமன்னார் ரயிலில் ஏற வேண்டிய அத்தை. ஏறமாட்டேன் என்று அவள் தோட்டத்து லயத்து வாசற்காலைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். அதைச் சிரிக்காமல் கேட்டார்கள். மஹ்ரூப் ஒரு பக்கம் எழுதியிருந்தார், ஆனால் மற்றவர்களைக் கேட்ட பிறகு தனது சரியில்லை என்று மடித்துவிட்டார். கடைசியாக ரபீகா. அவளுடைய கதையில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் ஒரு தாய். மருந்துகளை நிறுத்தலாமா என்று டாக்டர் கேட்கிறார். தூரத்திலிருக்கும் மகன் தங்கைக்குப் போனில் சொல்கிறான்: அவ போறதெண்டாப் போகட்டும்.

ஒவ்வொருவர் வாசிக்கும்போதும் யசோதாவுக்கு, தன் வீட்டுச் சாமான்களை நடுத்தெருவில் பரப்பி வைத்து ஆளுக்கொன்றாகத் தூக்கிப் பார்ப்பதுபோல் இருந்தது. ஆனால் அவர்கள் செய்தது எதுவும் தப்பில்லை. அவளும் எத்தனையோ பேருடைய வசனங்களை இந்த அறைக்குக் கொண்டு வந்தவள்தான். அந்த மனிதர்கள் எல்லாம் எந்த வீட்டில், எந்தப் பையைத் தட்டிக்கொண்டிருந்தார்களோ.

"நீங்க?" என்றாள் ரபீகா.

"எனக்கு ஓடல."

ரபீகாவின் கண் அவள் மடியிலிருந்த கொப்பிக்குப் போனது. எழுதி நிறைந்த பக்கம், மையே இன்னும் சரியாகக் காயவில்லை. ரபீகா பிளேன்டீக் கோப்பையை எடுத்து அவள் கையில் கொடுத்தாள்.

எல்லோரும் கலைந்தபோது யசோதா மஹ்ரூப்பைப் படிக்கட்டில் பிடித்தாள்.

"மஹ்ரூப், அத எங்க கேட்டீங்க?"

"கேக்கக் கூடாதே!" என்று சிரித்தார். அவள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு அடங்கிவிட்டது. "அம்பிட்டிய பஸ்ல. புதன்கிழம பின்னேரம். எனக்குப் பின் சீட்டு. நான் திரும்பிப் பாக்கல்ல. பாத்தா ஆக்கள் பேச்ச நிப்பாட்டிருவாங்க."

"வேற ஒண்ணும் சொல்லலியா?"

"கேக்கல்ல. ஆனா ஒண்டு. நான் கடைசி ஹோல்ட்லதான் இறங்கின. எனக்கு மூத்தவ றம்லத் ராத்தாட வீடு அங்கதானே. கண்டக்டர் போய் அந்த மனிசன்ட தோள்ல தட்டி, இதுக்கு அங்கால பஸ் போறல்ல எண்டு சிங்களத்துல சொன்னாரு. அப்பதான் அவருக்கு நெனவு வந்த மாதிரி. தூங்கியும் இல்ல." மஹ்ரூப் கொஞ்சம் தயங்கினார். "தெரிஞ்ச ஆளா?"

"தெரியல," என்றாள் யசோதா. அது பொய்யுமில்லை.

புதன்கிழமை அவர் தெப்பமாக நனைந்து வந்தார். பஸ் ஹோல்ட்டிலிருந்து வீட்டுக்கு எட்டி நடந்தால் வந்துவிடலாம். அவ்வளவு நனைய வழியே இல்லை. "குடை எங்க?" என்று கேட்டாள். "மழை திடீரெண்டு வந்திட்டுது" என்றார். அவள் அதற்குமேல் கேட்கவில்லை. மேசைக்குத் திரும்பி, வெறும் கொப்பிக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டாள்.

மணிக்கூட்டுக் கோபுரத்தடியில் பஸ் ஏறினாள். சன்னலோரம் உட்கார்ந்ததும் மட்டக்களப்புக்குப் போன் எடுத்தாள். சுற்றி வளைக்கிற பொறுமை அவளுக்கு இல்லை.

"அப்பாகிட்ட சொல்லிட்டியா?"

 "சொன்னனான்மா."

"அவரு என்னா சொன்னாரு?"

"உங்களிட்டச் சொல்லச் சொல்லித்தான் சொன்னவர். நான் வேணுமெண்டுதான் சொல்லேல்ல." நிருஜாவின் குரல் உடைந்தது. "சொன்னா நீங்க போயிருவீங்கம்மா. அவரே ஓமெண்டிட்டார் எண்டு போயிருவீங்க."

"அழுதாரா?"

"இல்ல. வழமை மாதிரித்தான். போனை வைக்கக்குள்ள, சாப்பிட்டியா எண்டு கேட்டவர்."

பஸ் வாவியைச் சுற்றிக்கொண்டு மலைப்பாதையில் ஏறியது. யசோதா போனைக் கைப்பைக்குள் போட்டாள், எடுத்தாள், மறுபடி போட்டாள். மகள்மேல் கோபம் வரவில்லை. அவர்மேல்தான் வந்தது. மறிக்க மாட்டாராம். ஏன் மறிக்கக்கூடாது? ஒரு தடவை வாசலில் வந்து நின்று, போகாதே என்று சொன்னால் என்ன குறைந்துவிடும்? பஸ்ஸில் இருந்துகொண்டு மட்டக்களப்பு வழியாகச் செய்தி அனுப்புகிற மனிதரை என்ன செய்வது? இப்படி மனசுக்குள் திட்டிக்கொண்டே வந்தாள். திட்டத் திட்ட, கடைசி ஹோல்ட்டில் கண்டக்டர் தோளில் தட்டிய மனிதர் குறுக்கே குறுக்கே வந்தார். இறங்க வேண்டிய இடத்தை அவளும் கொஞ்சம் தாண்டித்தான் மணியடித்தாள்.

ஞாயிற்றுக்கிழமைச் சமையல் சண்முகநாதனுடையது. குசினியில் தாழ்ந்த பலகையில் உட்கார்ந்து திருவலையில் தேங்காய் திருவிக்கொண்டிருந்தார். அடுப்பில் பருப்பு கொதித்தது. அவளைக் கண்டதும் "வந்திட்டீரே" என்றார். அவ்வளவுதான். யசோதா சேலைகூட மாற்றாமல் குசினி வாசலில் நின்றாள்.

"இன்னைக்கு மஹ்ரூப் ஒரு வசனம் கொண்டு வந்தாரு," என்றாள்.

"ஓமோ."

அவள் சொன்னாள். தன் பேச்சில் இல்லை, அவருடைய பேச்சில் சொன்னாள். ஒரு எழுத்தும் திருத்தாமல், அந்த 'என்ன'வைக்கூட விடாமல்.

திருவலை நின்றது. அவர் தலை நிமிரவில்லை. கையிலிருந்த தேங்காய்ப் பாதியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"முன் சீட்டிலே இருந்தவர்," என்றார் கடைசியில். "தொப்பி போட்டவர்."

"அவருதான்."

"எல்லாரும் எழுதினவையோ?"

"எழுதினாங்க."

"என்னெண்டு எழுதினவை?"

சொன்னாள். தாய் சாகிறதைச் சொன்னாள், ரயிலைச் சொன்னாள். "லாபிர் நானா ஆடுன்னு எழுதியிருந்தாரு. விக்கிற ஆட்ட லொறியில ஏத்துறாங்களாம்."

"ஆட்டையோ?" அவருடைய தோள்கள் குலுங்கின. எத்தனையோ காலத்துக்குப் பிறகு அந்தக் குசினியில் அவர் சிரித்தார். அவளுக்கும் அடக்க முடியாமல் சிரிப்பு வந்தது. சிரிப்பு ஓய்ந்தபோது இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்க்கக் கூசினார்கள்.

"நீரும் எழுதினீரோ?"

"ம். பேசவே பேசாத ஒரு மனுசனப் பத்தி."

அவர், குறை சொல்கிறாள் என்று எடுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை. உண்மையிலேயே விளங்காத முகம்.

"நீர் எழுதிக்கொண்டிருக்கிற நேரம் நான் எப்பிடிக் கதைக்கிறது?" என்றார். "பிள்ளை போனாப் பிறகுதான் உமக்கு அமைதியா இருந்து எழுத நேரம் கிடைச்சது. பின்னேரம் வந்தா மேசையில இருப்பீர். குழப்பக் கூடாதெண்டு நான் பின்னுக்குப் போயிடுவன். நியூஸ்கூடப் போடுறேல்லை."

யசோதா வாசற்காலைப் பிடித்துக்கொண்டாள்.

"நான் ஒண்ணும் எழுதலங்க. ரெண்டு வருசமா ஒரு பக்கம்கூட எழுதல. சும்மா உக்காந்திருந்தேன். நீங்க வந்து ஏதாச்சும் கேப்பீங்கன்னுதான் அங்க உக்காந்திருந்தேன்."

பருப்பு பொங்கி வழிந்தது. அவர் எட்டி அடுப்பைக் குறைத்தார்.

"எனக்காகத்தான் இருக்கிறீர் எண்டு எப்பிடித் தெரியும்," என்றார் மெல்ல. "முதுகைத்தானே நான் பாத்தனான்."

அவளுக்கு அழுகை வந்தது. ஆத்திரமும் சேர்ந்தே வந்தது. இரண்டு வருஷம்! ஒருவர் மௌனத்துக்கு இன்னொருவர் காவல் இருந்திருக்கிறார்கள்.

"நாளைக்கு நான் கொழும்புக்குப் பதில் சொல்லணும்."

"தெரியும்."

"ஒரு தடவ மறிச்சிருக்கலாமே."

"மறிச்சா நிப்பீரோ?"

 ஆமென்றால் பொய். இல்லையென்றாலும் பொய்தான். பஸ்ஸில் வந்த வேகமும் கோபமும் எங்கே போயின என்று தெரியவில்லை. ஆனால் கால்கள் மட்டும் இன்னும் எங்கோ போகவேண்டும் என்று தவித்தன. அவர் பதிலுக்காகக் கொஞ்சம் காத்திருந்தார். பிறகு வற்புறுத்தாமல் தேங்காயைத் திரும்பத் திருவலையில் வைத்தார்.

"அண்டைக்கு என்ன நடந்ததெண்டு தெரியுமே?" என்றார். "புதன்கிழமை. கடைசி மட்டும் போயிட்டன். இறங்கினா ஒரே மழை. குடையும் பஸ்ஸோட போயிட்டுது. திரும்பி நடக்கிறன், ஒரு நாய் பின்னால வருது. கலைச்சாலும் போகுதில்லை. நிண்டா அதுவும் நிக்குது. நான் அதிட்டச் சொன்னன், அய்யா, நான் வீட்டுக்குப் போற ஆளில்லை, போகப் பயந்து நடக்கிற ஆள், என்னை நம்பி வராதை எண்டு..."

யசோதா வாசற்படியிலேயே சேலையைக் கூட்டிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். அவர் நாயைச் சொன்னார். நாய் நுழைந்த வளவைச் சொன்னார், அந்த வளவுக்காரி சிங்களத்தில் ஏசியதைச் சொன்னார், அதிலிருந்து அலுவலகத்தில் புதிதாக வந்த பெடியனுக்குப் போனார், அங்கிருந்து எங்கெங்கோ போனார். பேசிப் பழக்கம் விட்டுப்போனவர். வசனங்கள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு வந்தன. பாதியில் சொல் கிடைக்காமல் திணறினார், ஆனால் நிறுத்தவில்லை. நிறுத்தினால் மறுபடி தொடங்க முடியாது என்று பயந்தவர்போல் பேசினார். கையும் நிற்கவில்லை. திருவலையில் வெள்ளை எப்போதோ முடிந்துவிட்டது. சிரட்டையின் கறுப்புத் தூள் தேங்காய்ப்பூவில் உதிர்ந்துகொண்டிருந்தது. அவள் அதைப் பார்த்தாள். கறி வீணாகப் போகிறது என்று சொல்ல வாயெடுத்தாள், சொல்லவில்லை. அவர் பேசிக்கொண்டே திருவினார்.